மார்ச் 16ஆம் தேதிப் பட்டியல்: சிகாகோவில் ப்ளூஸ் ஹார்மோனிகா பழகிய 15 மாதங்கள்

2020 மார்ச் 9, திங்கட்கிழமை. சிகாகோவில் எங்கள் பகுதியிலுள்ள ஒரு சின்ன கிளப்பில் திங்கள்தோறும் நடக்கும் ப்ளூஸ் ஜாமுக்கு ஐந்து மாதமாகப் போய்க்கொண்டிருந்தேன். போய் உட்கார்ந்து கேட்பதோடு சரி, மேடை ஏறியதில்லை. ஜாம் என்றால் இப்படித்தான்: ட்ரம்ஸ், பேஸ், கிட்டார் என்று மூன்று பேர் நிரந்தரமாக இருப்பார்கள், மற்றபடி யார் வேண்டுமானாலும் பெயரையும் வாத்தியத்தையும் பதிந்துவிட்டுக் காத்திருந்து, முறை வரும்போது மேலே போய் இரண்டு மூன்று பாட்டு வாசிக்கலாம். பெயர் எழுதுபவர் ஒரு பெரியவர், பேஸ் வாசிப்பவரின் அண்ணன். சுருள் கம்பி போட்ட நீல நோட்டு, காதில் செருகிய பென்சில், வாசலை ஒட்டிய ஸ்டூல். அன்றைக்கு நான் கிளம்பும்போது சட்டைப்பையில் ஹார்மோனிகா துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை, அடுத்த வாரப் பக்கத்தைப் புரட்டி ஐந்தாவது வரியில் என் பெயரை எழுதிக்கொண்டார்.

அந்த அடுத்த வாரம் நடக்கவே இல்லை. மார்ச் 16 இரவோடு இல்லினாய் மாநிலம் முழுக்க பார்களிலும் உணவகங்களிலும் உட்காருவது நின்றது, 21ஆம் தேதி மாலையிலிருந்து எல்லோரும் வீட்டோடு இருக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

அதற்குப் பிறகான 15 மாதத்தில் என்ன பழகினேன், எங்கள் ஜாம் கூட்டம் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதை நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஏப்ரல் முழுக்க மூன்றாம் துளை. நம் ஊரில் மௌத் ஆர்கன் என்று வாசிப்பது பெரும்பாலும் ஒரே சுரத்துக்கு இரண்டு ரீடு (மெல்லிய உலோக நாக்கு) சேர்ந்து அதிரும் நீளமான வகை. ப்ளூஸுக்கு வேண்டியது அதுவல்ல, உள்ளங்கையில் அடங்கும் பத்துத் துளை ஹார்மோனிகா. ஒவ்வொரு துளைக்குள்ளும் ஊதினால் பேசும் ரீடு ஒன்று, உறிஞ்சினால் பேசும் ரீடு ஒன்று, ஆக 20 ரீடு. ஹோனர் கம்பெனி 1896இல் மரைன் பேண்ட் என்று கொண்டுவந்த அந்த வடிவம் பெரிதாக மாறவே இல்லை. ப்ளூஸ்காரர்கள் சி சுருதி ஹார்மோனிகாவை சி-யில் வாசிப்பதில்லை, ஜி-யை ஆதார சட்ஜமாக வைத்துக்கொண்டு பெரும்பாலும் மூச்சை உள்ளே இழுத்தே வாசிக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் மூன்றாம் துளையை இழுக்கும்போது வருவது அந்தர காந்தாரம். நாக்கைப் பின்னால் தள்ளி, வாய்க்குள் 'ஈ' என்பதை 'ஊ' ஆக்குவதுபோல் இடத்தை மாற்றினால், சுரம் சறுக்கிக்கொண்டே இறங்கி சாதாரண காந்தாரத்துக்கு வரும், இன்னும் இறக்கினால் ரிஷபம் வரை போகும். ஒரே அறைக்குள் இருக்கும் இரண்டு ரீடும் ஒன்றை ஒன்று இழுப்பதால்தான் இது முடிகிறது. இரண்டு காந்தாரங்களுக்கும் நடுவில், எந்தக் கட்டையிலும் இல்லாத ஓர் இடத்தில் நிறுத்துவதில்தான் ப்ளூஸ் இருக்கிறது. சிறுவயதில் பாட்டு வகுப்பில் கமகம் பாடிப் பாடிப் பழகிய காதுக்கு அந்த இடம் எது என்று உடனே தெரிந்தது. வாய்க்குத்தான் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் நாள் முழுக்க வீட்டில் இருந்தார்கள், ஆகவே தெருவில் நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு தினமும் 40 நிமிடம். ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் நாலாம் துளை வளைந்தது, பஞ்சமத்திலிருந்து பிரதி மத்யமத்துக்கு, அது சுலபம். மூன்றாம் துளையில் அரை சுரம் இறங்கவே ஏப்ரல் 24 ஆனது. நடுவே முரட்டுத்தனமாக இழுத்து இழுத்து நாலாம் துளை ரீடு சுருதி தாழ்ந்தே போய்விட்டது, புது ஹார்மோனிகா வாங்க வேண்டியிருந்தது. பலம் தேவையே இல்லை, வாய்க்குள்ளிருக்கும் இடம் மாறினால் போதும். இதை இப்போது எழுதுவது எளிது.

அதே ஏப்ரல் முதல் வாரத்தில்தான் நகர நிர்வாகம் அந்தக் கணக்கை வெளியிட்டது. சிகாகோவின் மக்கள்தொகையில் கறுப்பின மக்கள் ஏறக்குறைய 30 சதவீதம், அதுவரை கொரோனாவில் இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அவர்கள். ப்ளூஸ் என்ன சுற்றுலாப் பயணிகளுக்காக வைத்த கடையா? மிசிசிப்பியின் பருத்தி வயல்களிலிருந்து இல்லினாய் சென்ட்ரல் ரயிலில் ஏறி வந்தவர்கள் தெற்குப் பக்கத்திலும் மேற்குப் பக்கத்திலும் குடியேறி, மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் ஒயரை இழுத்து ஆம்ப்ளிஃபயர் வைத்து வாசித்து உருவாக்கிய இசை இது. சிகாகோ ப்ளூஸின் பெரும் பாடகர் மடி வாட்டர்ஸ் 1943இல் அப்படி வந்தவர்தான். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் எங்கள் ஜாமில் பாதிப் பேர். அதே தெருக்களில்தான் ஆம்புலன்ஸ் ஓடிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 19 அன்று நோட்டுப் பெரியவர் போய்விட்டார். ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தாராம், தம்பியைக்கூட உள்ளே விடவில்லை. பத்துப் பேருக்கு மேல் கூடக் கூடாது என்று விதி, அடக்கத்துக்கு எங்களில் யாரும் போக முடியவில்லை. இந்த ஊரில் ஒரு ப்ளூஸ்காரர் போனால் கிளப்பில் கூடி விடிய விடிய வாசித்து அனுப்புவார்கள். அதுவும் இல்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பணம் சேர்த்து அனுப்பினோம், அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

மே மாதம். யாரோ ஒருவர் சரி, வீடியோ அழைப்பில் ஜாம் வைத்துப் பார்ப்போம் என்றார். பதினொரு பேர் வந்தோம், முகங்களைப் பார்த்ததே பெரிய ஆறுதல். ட்ரம்மர் கணக்குச் சொல்லித் தொடங்கினார், எட்டு நொடியில் எல்லாம் உடைந்தது. முதல் காரணம், இந்தச் செயலிகள் பேச்சுக்காகச் செய்தவை. என் ஹார்மோனிகாவை மின்விசிறிச் சத்தம் மாதிரி நினைத்து அமுக்கிவிட்டன, நீட்டிய சுரமெல்லாம் தண்ணீருக்குள் போனது மாதிரி மறைந்தது. இரண்டாவது காரணம்தான் முக்கியம், தாமதம். ஒலி காற்றில் பத்து மீட்டர் போக ஏறக்குறைய 30 மில்லி செகண்ட் ஆகும், அதுவரை தாமதமானால் சேர்ந்து வாசிப்பவர்கள் சமாளிப்பார்கள், அதற்குமேல் ஒருவரை ஒருவர் எதிர்பார்த்து எதிர்பார்த்து வேகம் இறங்கும். வீடியோ அழைப்பிலோ 150, 200 என்று போகிறது. ப்ளூஸ் ஷஃபிளில் ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரிந்து முதலாவதும் மூன்றாவதும் மட்டும் ஒலிக்கும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் அந்த மூன்றில் ஒரு பங்கு 167 மில்லி செகண்ட். அதாவது அழைப்பின் தாமதமும் ஷஃபிளின் துள்ளலும் கிட்டத்தட்ட ஒரே அளவு, எது துள்ளல் எது தாமதம் என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம் வேறு வழி பிடித்தோம். ட்ரம்மர் வீட்டில் தனியாக வாசித்துப் பதிந்து அனுப்புவார், அதன்மேல் பேஸ், அதன்மேல் கிட்டார், பாட்டு, கடைசியில் நான். ஒரு பாட்டுக்கு ஒரு வாரம். ஜூன் மாதம் இப்படி மூன்று பாட்டு முடித்தோம். எனக்கு மிகப் பெரிய பாடம் கிடைத்தது இங்கேதான். என் முதல் பதிவைக் கேட்டுவிட்டு பேஸ்காரர் போன் செய்தார். சுரமெல்லாம் சரி, ஆனால் பாடுகிறவள்மேல் ஏறி வாசித்திருக்கிறாய், வார்த்தையைக் கேள் என்றார். ப்ளூஸின் 12 பார் சுற்றில் மூன்று வரி, வரிக்கு நாலு பார், ஒரு பார் என்பது நாலு அடி. அதில் பாட்டு முதல் இரண்டு பாரோடு முடிந்துவிடும், மீதி இரண்டும் பதில் சொல்ல விட்ட இடம். அந்த இடத்தில்தான் ஹார்மோனிகா வர வேண்டும், அதுவும் பாடியவள் சொன்னதற்குப் பதிலாக வர வேண்டும். காருக்குள் தனியாக உட்கார்ந்து எத்தனை மாதம் இழுத்தாலும் இது எனக்குத் தெரிந்திருக்காது. நாலாவது முறை பதிந்தபோது முழுப் பாட்டிலும் நான் வாசித்தது மொத்தம் 50 நொடி இருக்கும். அதை ஏற்றுக்கொண்டார்கள்.

இடையில் அந்த வருடத்து சிகாகோ ப்ளூஸ் திருவிழா ஜூன் 5 முதல் 7 வரை நடந்திருக்க வேண்டியது. 1984இலிருந்து நடந்துவரும் விழா, இலவசம், மில்லேனியம் பூங்காவில் புல்தரையில் உட்கார்ந்து கேட்கலாம். ரத்து. ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்குப் பின் அந்த வாரம் நகரத்தில் இரவு ஊரடங்கு வேறு, ஆற்றுப் பாலங்களைத் தூக்கி வைத்திருந்தார்கள். அந்த மூன்று நாளும் யாரும் பதிவு எதுவும் அனுப்பவில்லை.

ஜூலை இறுதியில் கிட்டார்காரரின் வீட்டுப் பின்சந்தில் நேரில் கூடினோம். சிகாகோ வீடுகளுக்குப் பின்னால் குப்பை வண்டி வருவதற்கென்று நீளமாகச் சந்து ஓடும், அதைப் பார்த்து கராஜ். கதவைத் தூக்கிவிட்டு ட்ரம்ஸ் உள்ளே, மற்றவர்கள் வெளியே ஆளுக்குப் பன்னிரண்டு அடி தள்ளி. நான் காற்று போகும் திசையில் கடைசியில், ஏனென்றால் மற்றவர்கள் முகக்கவசம் போட்டு வாசிக்கலாம், ஹார்மோனிகாவில் அதற்கு வழியில்லை. ஒரே மைக்கைக் கைமாற்றுவதும் முடியாது என்பதால் கைக்குள் அடங்கும் பழைய புல்லட் மைக் ஒன்றை வாங்கினேன். சிகாகோ ஹார்மோனிகாக்காரர் லிட்டில் வால்டர் மலிவான மைக்கை ஹார்மோனிகாவோடு சேர்த்துக் கைக்குள் பொத்தி ஆம்ப்ளிஃபயரைத் திணறவிட்டுத்தான் சாக்ஸஃபோன் மாதிரி ஒலியைக் கொண்டுவந்தார், 1952இல் அவர் அப்படி வாசித்த ஓர் இசைத்தட்டு, பாட்டே இல்லாதது, அமெரிக்காவின் ஆர் அண்ட் பி விற்பனை வரிசையில் முதலிடத்துக்குப் போனது. கை பொத்துவதில் ஓட்டை விழுந்தால் அந்த ஒலி வராது. செப்டம்பர் முடிய ஒன்பது ஞாயிறு. சந்தின் இரண்டு பக்கமும் மாடிப்படிகளில் ஜனங்கள் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தார்கள், ஒரு பாட்டி மேலிருந்து கூடையில் கயிறு கட்டிப் பணம் இறக்கினார்.

அக்டோபர் குளிர் அதை முடித்துவைத்தது, மாத இறுதியில் கிளப்புகளுக்கு உள்ளே மறுபடி தடை. இந்த முறை ஜாமுலஸ். இசைக்காரர்கள் இணையத்தில் சேர்ந்து வாசிப்பதற்கென்றே எழுதிய இலவச மென்பொருள், படம் கிடையாது, ஒலி மட்டும். இதற்குச் சில நிபந்தனைகள் இருக்கின்றன, ஒன்றை விட்டாலும் வேலை செய்யாது என்பது என் அனுபவம். வைஃபை கூடாது, நான் 15 மீட்டர் கேபிளை நடைபாதை ஓரமாக இழுத்தேன். ப்ளூடூத் ஹெட்ஃபோன் கூடாது, ஒயர் உள்ளதுதான். மைக்கைக் கணினியோடு இணைக்க ஒலிக்கென்று தனி இன்டர்ஃபேஸ் பெட்டி வேண்டும். சர்வர் பக்கத்தில் இருக்க வேண்டும், எங்களுடையது கிட்டார்காரர் வீட்டு அடித்தளத்தில். எல்லாம் சரியாக அமைந்த நவம்பர் 23 இரவு என் திரையில் மொத்தத் தாமதம் 31 மில்லி செகண்ட் காட்டியது. ஷஃபிள் உடையாமல் நின்றது! பெரிய அறையின் இரண்டு மூலையில் நின்று வாசிப்பது மாதிரிதான் இருந்தது, ஆனாலும் ஒரே அறை. நடுவில் யாரும் பேசவில்லை, நிறுத்தினால் போய்விடுமோ என்று இருபது நிமிடம் ஒரே சுற்றைச் சுற்றிச் சுற்றி வாசித்தோம்.

குளிர்காலம் முழுக்க வாரம் ஒரு முறை இது ஓடியது. கிளப் உரிமையாளர் வாடகைக்குத் திண்டாடினார். அரங்குகளுக்கென்று அமெரிக்க அரசு 1,500 கோடி டாலர் ஒதுக்கிய சட்டம் டிசம்பர் 27 அன்று கையெழுத்தானது, ஆனால் விண்ணப்பம் வாங்கத் தொடங்கியதே ஏப்ரலில். அதுவரை சில இரவுகள் வெறும் மேடையில் மூன்று பேரை வாசிக்கவைத்து நேரலையில் ஓட்டினார், கேட்பவர்கள் போனிலேயே அன்பளிப்பு அனுப்பினார்கள். மே 12 அன்று டெல்மார்க் இசைத்தட்டு நிறுவனத்தை உருவாக்கிய பாப் கோஸ்டர் இறந்தார். அன்றிரவு வாசிக்காமல், ஹார்மோனிகாக்காரர் ஜூனியர் வெல்ஸ் 1965இல் அவருக்காகப் பதிந்த ஆல்பத்தை ஆளுக்கு ஆள் தங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் கேட்டோம். அதில் ஹார்மோனிகா எவ்வளவு குறைவாக வருகிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

2021 ஜூன் 11 அன்று இல்லினாயில் கட்டுப்பாடுகள் நீங்கின. 14ஆம் தேதி திங்கட்கிழமை, ஜாம்.

வாசலில் ஸ்டூல் இருந்தது, யாரும் உட்காரவில்லை. புதிதாகப் பெயர் எழுத வந்தவர்களைப் பேஸ்காரர் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். மேடையில் மைக்கைப் பிடித்து, கிட்டார் பெட்டியிலிருந்து அண்ணனின் நீல நோட்டை எடுத்துப் பிரித்தார். 2020 மார்ச் 16ஆம் தேதிப் பக்கம். அன்று வாசித்திருக்க வேண்டியவர்கள் இன்று முதலில் வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டு வரிசையாகக் கூப்பிட்டார். முதல் பெயருக்கு ஆள் இருந்தது. இரண்டாவது ஆள் டெட்ராய்ட்டுக்கு மாறிப் போய்விட்டாராம். மூன்றாவது பெயரைக் கூப்பிட்டதும் கூட்டம் அமைதியானது, அந்த அம்மாவும் ஜனவரியில் போய்விட்டிருந்தார். அவருக்காகப் பாடகர் இல்லாமல் ஒரு முழுச் சுற்று வாசித்தார்கள், பாட வேண்டிய இரண்டிரண்டு பார்களை வெறுமனே விட்டு.

ஐந்தாவது நான். மெதுவான ஷஃபிள், ஏ-யில் என்றார்கள், ஆகவே டி ஹார்மோனிகா. முதல் இரண்டு சரணத்துக்கும் கையை இறக்கி வைத்துக்கொண்டு வார்த்தையைக் கேட்டேன். மூன்றாவதில் பாடியவள் ஒரு வரியை முடித்துத் திரும்பிப் பார்த்தாள், மூன்றாம் துளையை இழுத்தேன், காந்தாரம் போக வேண்டிய இடத்துக்குப் போய் நின்றது. பேஸ்காரர் என்னைப் பார்க்கவில்லை, நோட்டை ஆம்ப்ளிஃபயர்மேல் விரித்தே வைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார்.

இப்போது பழகுவது ஆறாம் துளை. அடுத்த வாரப் பக்கத்தில் மூன்றாவது வரியில் என் பெயர், நானே எழுதியது.