எண்ணிக்கை இரட்டித்தால் கொண்டாட வேண்டாம்

இணையதளத்துக்கு யார் வருகிறார்கள், என்ன பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸ் 4-ஐ நிறுவித் தருபவர்கள் பலர், நிறுவிய கையோடு அந்தப் பக்கம் திரும்புவதேயில்லை. தளத்தின் உரிமையாளரோ எண்கள் ஏறுவதைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருப்பார்.

அடிக்கடி காண்பது இது: ஒரே கண்காணிப்பு நிரல் தளத்தின் தீமில் (தோற்ற வார்ப்புரு) ஒருமுறை, இத்தகைய நிரல்களை ஓரிடத்தில் நிர்வகிக்கும் டேக் மேனேஜரில் இன்னொருமுறை. ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்தால் இரண்டு பார்வைகள் பதிவாகும். 10 விநாடிக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு பக்கப் பார்வைகள் இருந்தாலோ அந்த வருகையை ‘ஈடுபாடுள்ளது’ என்று இந்தக் கருவி கணக்கிடுகிறது. வந்தவுடன் ஓடிப்போனவரும் ஈடுபாடுள்ளவர் ஆகிவிடுவார்! ஈடுபாடுள்ள வருகைகளின் விகிதம் 100 சதவீதத்தை நெருங்கினால் முதலில் நிரலைச் சந்தேகியுங்கள்.

விற்பனைத் தளமென்றால் இன்னொன்று. பணம் செலுத்தும் தளத்துக்குப் போய்த் திரும்பும் வாடிக்கையாளரை அந்தத் தளமே அனுப்பிவைத்ததாகக் கணக்கு காட்டும். அவரை முதலில் வரவழைத்த விளம்பரத்துக்குச் சேர வேண்டிய பெயர் பறிபோகும். பணம் செலுத்தும் தளத்தின் முகவரியை, அனுப்பிவைத்தவராகக் கணக்கிடக் கூடாத தளங்களின் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

அப்படியே தரவுச் சேமிப்புக் காலத்தையும் பாருங்கள். இயல்பாக 2 மாதம்தான், 14 ஆக்கலாம். மாற்றாவிட்டால், நீங்களே வடிவமைக்கும் ஆய்வுகளில் போன தீபாவளியைத் தேடினால் கிடைக்காது. அழிந்தது திரும்பவும் வராது. இதற்குக் கட்டணம்கூட இல்லை, ஏன்தான் விட்டுவிடுகிறார்களோ!