மாங்குளத்து மரவேலைப் பட்டறை: சீமெந்து போட முன்னம்

2024 யூன் 9, ஞாயிறு

கூரைக்குத் தகரம் ஏறிவிட்டது. நீளம் 30 அடி, அகலம் 20. நிலம் இன்னும் கிரவல்தான். சீமெந்து போட்டபிறகு கரண்ட் குழாயை மாற்றுவதென்றால் உடைக்கத்தான் வேணும். எந்த மெசின் எங்கே என்பதை அதற்கு முதலே முடிவெடுக்க வேணும்.

பெரியண்ணை வந்து சுற்றிப் பார்த்தார். "எல்லாத்தையும் சுவரோடை விடு தம்பி, நடு வெளியாக் கிடக்கட்டும்" என்றார். கைவாளும் சீவுளியும் வைத்து வேலை செய்தவருக்கு அது சரி. மெசினைப் பொறுத்தவரை, அது நிற்க வேண்டிய இடம் கொஞ்சம். அதுக்குள்ளால் மரம் போய்வர வேண்டிய இடம்தான் பெரிசு. நிலைக்கால் ஒன்று 7 அடி. மரம் சீவுகிற மெசினான பிளேனரில் கத்திக்கு முன்னால் 7 அடி, பின்னால் 7 அடி வெளி வேணும். 14 அடிக் கூரை வளை என்றால் 28 அடி. ஆகவே பிளேனர் நீளவாட்டில், பெரிய வாசலுக்கு நேரே. இன்னும் நீளமான மரம் வந்தால் வாசலுக்கு வெளியே நீட்டலாம்.

யூன் 11, செவ்வாய்

மெசின்களின் அளவுக்குக் காட்போட் மட்டை வெட்டி நிலத்தில் போட்டோம். நானும் வேலைக்கு நிற்கிற பொடியனும் 7 அடிச் சட்டமொன்றைத் தூக்கிக்கொண்டு, மரம் போகிற வழியாலேயே நடந்து பார்த்தோம். சட்டம் எங்கே திரும்பவேண்டி வருகுதோ, அங்கே மட்டையை நகர்த்தினோம்.

வட்டவாள் நடுவில். 8க்கு 4 பிளைவூட்டை நாலு பக்கமும் திருப்ப வேறு இடம் இல்லை. அதன் மேசை 34 அங்குலம். பின்னால் வருகிற வேலைமேசையை அதைவிடக் கால் அங்குலம் பதித்துச் செய்தால் அறுத்த பலகை முட்டாமல் வழுக்கிப் போகும். வாள் மரத்தைத் திருப்பி எறிந்தால் அறுக்கிறவரின் பக்கமாகத்தான் வரும். அந்த நேர்கோட்டில் நடைபாதையும் கூடாது, பொடியன் உளி பிடிக்கிற மேசையும் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

யூன் 13, வியாழன்

வருகிற மரத்தைப் போட்டுச் சோதிக்க, வாசலடியில் 6 அடி இடத்தை ஒன்றும் வைக்காமல் ஒதுக்கினேன். வன்னிக் காட்டு மரத்துக்குள் போர்க்காலத்துத் துப்பாக்கிச் சன்னமும் ஷெல் துண்டும் கிடக்கும். இன்று வந்த பாலை மரக் குத்தியில் ஓரிடம் நீலக் கறுப்பாய்ச் சாயம் ஏறியிருந்தது. உளியால் கிண்ட, நகத்தளவு இரும்பு. பட்டை மூடி வளர்ந்திருக்கு, வெளியே வடுவே தெரியவில்லை. சன்னத்தின் ஈயமும் செம்பும் காந்தத்தில் ஒட்டாது, அதனால் உலோகம் காட்டுகிற கருவிதான் வேணும். பார்க்காத மரம் வாளடிக்குப் போகாது.

யூன் 16, ஞாயிறு

சோளகக் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்குது. தென்மேற்கிலிருந்து வருகிறது. வார்னிஷ் அறை அந்த மூலையில். தூள் பறக்கிற மற்ற மெசின்களும் தூள் உறிஞ்சியும் வடகிழக்கில். மாரியில் வாடை திரும்பி வீசும், அப்போது அறைக்கதவைச் சாத்தத்தான் வேணும். உறிஞ்சிக் குழாய் கட்டையாய், வளைவு குறைவாய் இருந்தால்தான் இழுவை இருக்கும். முதிரை மரத்தூள் பட்டால் சிலருக்குத் தோல் கடித்துத் தடிக்கும். அது கண்ணுக்குத் தெரிகிற கரைச்சல். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1995இலேயே மரத்தூளைப் புற்றுநோய் வரப்பண்ணும் பொருளென்று வகைப்படுத்திவிட்டது. பொடியனுக்கு இருபது வயசு. உறிஞ்சி வாங்காமல் மெசின் ஓடாது.

யூன் 18, செவ்வாய்

வட்டவாளுக்கும் பிளேனருக்கும் நிலத்துக்குள்ளால் குழாய் போட்டாச்சு. மற்றவைக்குக் கரண்ட் கூரையால் இறங்கும், அவை சில்லில் நகருகிறவை. கரண்ட் நின்று வந்தால் மெசின் தானாகச் சுழலாத சுவிட்சுகள்தான் எல்லாத்துக்கும்.

பெரியண்ணை மட்டைகளைப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்: "உளி தீட்டுறது எங்கை?" யோசித்திருக்கவில்லைத்தான். வடக்கு யன்னலடி வெளிச்சத்தில், சாணைக்கல்லுக்கு 3 அடி விட்டேன். நாளைக்குக் கலவை வருகுது.