நாலு இறப்பர் பாண்டும் ஒரு விளக்குமாறும்

உயர்தர உயிரியலில் எனக்கு மிகவும் உதைத்த இடம் ஒடுக்கற்பிரிவு: ஒரு கலம் இரண்டு தடவை பிரிந்து, பாதி நிறமூர்த்தம் (குரோமோசோம்) கொண்ட கலங்களாவது. அதன் அவத்தைகளின், அதாவது கட்டங்களின், பெயர்கள் தண்ணீர்பட்ட பாடு. நிறமூர்த்தத்தை எண்ணச் சொன்னால்தான் சிக்கல். ரியூசனில் ஒரு வினா: இருமடிய எண் (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்த மொத்த நிறமூர்த்தம்) 8. முதலாம் பிரிவு முடிந்து வந்த கலம் ஒன்றில், இரண்டாம் மேன்முக அவத்தையில் (இரு பக்கமும் இழுபடும் கட்டத்தில்) எத்தனை நிறமூர்த்தங்கள்? பாதியாகிவிட்டதுதானே என்று 4 போட்டேன். விடை 8. "மையப்பாத்தை எண்ணுங்கோ" என்று, நிறமூர்த்தத்தின் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு சேர் அடுத்த வினாவுக்குப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் உவர்மலை வீட்டு விறாந்தையில் குந்தினேன். ஈர்க்கையே நிறமூர்த்தமாக வைத்தேன்: அம்மாவிடமிருந்து வந்தவைக்குப் பச்சை ஈர்க்கு, அப்பாவிடமிருந்து வந்தவைக்கு விளக்குமாற்றில் உருவிய காய்ந்த ஈர்க்கு. ஒவ்வொன்றிலும் நீளம் ஒன்று, கட்டை ஒன்று. மொத்தம் 4; அதாவது வினாவில் வந்த 8க்குப் பதில் இருமடிய எண் 4 உள்ள சின்னக் கலம். மையப்பாத்துக்கு ஆளுக்கொரு இறப்பர் பாண்ட். வீட்டில் தேடிக் கிடைத்ததும் சரியாக நாலுதான்.

பிரிவுக்கு முந்திய இடையவத்தையில் டி.என்.ஏ இரட்டிக்கிறது. ஒவ்வொரு ஈர்க்கோடும் அதேபோல இன்னொன்றை அதே பாண்டுக்குள் செருகினேன். ஈர்க்கு 8, பாண்ட் 4. அப்படியென்றால் அரைநிறவுரு (இரட்டித்த நிறமூர்த்தத்தின் ஓர் இழை) 8, நிறமூர்த்தம் இன்னும் 4தான். பிறகு நீளப் பச்சையையும் நீளக் காய்ந்ததையும் சோடி சேர்த்து, நுனிகளை முறித்து மாற்றி வைத்தேன். குறுக்குப் பரிமாற்றம் எண்ணிக்கையைத் தொடுவதே இல்லை. அதற்குள் கச்சான் காற்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக, முதலிலிருந்து அடுக்க வேண்டியதாயிற்று.

"விளக்குமாத்தை மொட்டையாக்கிப் போட்டு என்ன பிள்ளை எண்ணுறாய்?" என்றார் அம்மம்மா.

சோடிகளைப் பிரித்தேன். பக்கத்துக்கு 2 பாண்ட். பாதியாவது இங்கேயே முடிந்துவிடுகிறது. இரண்டாம் பிரிவுக்காக ஒரு பாண்டுக்குள் இருந்த இரண்டு ஈர்க்கையும் இழுத்தேன். ஒன்று பாண்டோடு வந்தது, மற்றது வெறுமனே வந்தது. அதற்குப் போட ஐந்தாவது பாண்ட் இல்லை! அந்த இடத்தில்தான் எனக்கு வெளித்தது. மையப்பாத்து பிரிந்த கணமே ஒவ்வோர் அரைநிறவுருவும் தனி நிறமூர்த்தம். கலம் பிளந்து முடியும்வரை அந்த ஒரு கலத்துக்குள் 2 இருந்த இடத்தில் 4. மிச்சத்துக்கு நூல் கட்டிச் சமாளித்தேன்.

மனிதனுக்கும் இதே கணக்குத்தான்: முதலாம் பிரிவின் தொடக்கமான முன்னவத்தையில் நிறமூர்த்தம் 46, அரைநிறவுரு 92, சோடி 23. இரண்டாம் அனுவவத்தையில் (கலத்தின் நடுவில் வரிசையாகும் கட்டத்தில்) ஒரு கலத்தில் 23, அடுத்து வரும் மேன்முக அவத்தையில் 46, கடைசியில் புணரிக்கு (விந்துக்கோ முட்டைக்கோ) 23. இந்த 46ஐயே ஆய்வாளர்கள் ட்ஜியோவும் லெவனும் 1956இல்தான் சரியாக எண்ணிக் காட்டினார்கள். அதுவரை முப்பது வருடத்துக்கு மேலாக 48 என்றே நம்பியிருந்தார்கள். அதைக் கேட்டபோது என் 4 அவ்வளவு வெட்கமாகத் தெரியவில்லை.

டி.என்.ஏயின் அளவைக் கேட்டால் மட்டும் பாண்டை மறந்துவிடுவேன். அதற்கு ஈர்க்கைத்தான் எண்ண வேண்டும்: 4, இரட்டித்ததும் 8, முதற்பிரிவுக்குப் பின் கலத்துக்கு 4, கடைசியில் 2.