அம்மன் காதில் ஒரு சில்லு

2025 ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் பொங்கி முடிவதற்குள் தூறல் பிடித்துவிட்டது. தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் போட்ட கோலம் பாதி கரைந்துபோயிற்று. போனில் ஒரு படம் எடுத்து வைத்தேன். கரையாத பாதியைவிடக் கரைந்த பாதிதான் பார்க்க நன்றாயிருக்கிறது.

இவர் கொழும்பிலிருந்து வரும்போது ஒரு பழைய லெப்டொப் கொண்டுவந்திருக்கிறார். பெட்டரி செத்தது, வயரைச் செருகினால்தான் உயிர். 4 ஜிபி ராம். விசிறி, ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) மாடியில் கொழுந்து வாட்டுகிற காற்றாடி மாதிரி இரைகிறது. பேருக்குப் பிள்ளைகளின் படிப்புக்கு. ராத்திரி ஒன்பதுக்குப் பிறகு எனக்கு.

ஒரு வருஷமாகப் போனில் விரலால் சாமிப் படம் கீறிப் பழகுகிறேன். பிள்ளையார் லேசு. தும்பிக்கை கொஞ்சம் கோணினாலும் அதுவும் ஒரு அழகாகப் போய்விடும். அம்மன்தான் கைக்குள் வரமாட்டேன் என்கிறாள்.

ஜனவரி 19, ஞாயிறு

கிம்ப் இறக்கியாயிற்று. படம் கீறவும் திருத்தவும் காசில்லாத மென்பொருள், 1996இலிருந்து இருக்கிறது. ஃபோட்டோஷொப் அதற்கும் முந்தி, 1990இலேயே வந்தது. ஆனால் மாதாமாதம் சந்தா கட்டப் பிள்ளை மடுவத்தில் (குழந்தைகள் காப்பகம்) நான் வாங்குகிற சம்பளம் தாங்காது.

யூடியூபில் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் சொல்லித்தருகிறார். நல்ல பிள்ளை, ஆனால் வாயைத் திறந்தால் லேயர், லேயர். மூன்று தடவை பார்த்தும் என் மண்டையில் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் திரை சரியாக மூடாமல் பூசாரி மாமா அலங்காரம் கலைத்துக்கொண்டிருந்தார். மாலையை எடுத்தார், கீழே சேலை. சேலையை எடுத்தார், மஞ்சள் காப்பு. அதற்கும் கீழே கல். மேலே இருப்பதைக் கழற்றினாலும் கீழே இருப்பதற்கு ஒன்றும் ஆவதில்லை. அட, இதைத்தானே அந்தத் தம்பி மூன்று நாளாகச் சொல்கிறது!

லேயரைக் கீழுள்ளதோடு கலக்கிற மல்டிப்ளை என்கிற முறையும் மஞ்சள் காப்பு மாதிரியேதான். பூசிய நிறத்துக்குள்ளாலும் கல்லின் மேடு பள்ளம் இருட்டாகத் தெரியும்.

ஜனவரி 26, ஞாயிறு

தலைவர் மாமா வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறபோக்கில் சொன்னார்: பங்குனித் திருவிழாவுக்கு இந்த முறை பெனர் நான்தான் செய்ய வேண்டுமாம். ஆறடிக்கு நாலடி. போன வருஷம் வைத்தது ஏதோ காலண்டர் அம்மன். கோவில்பட்டியில் கொண்டைய ராஜூவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்து சிவகாசியில் அச்சாகி வந்த வழியில் வந்த முகம். உருண்டைக் கன்னம், ரோஜா நிறம், சினிமா வெளிச்சம். எனக்கு அந்தப் படங்கள் பிடிக்கும், அதைப் பார்த்துத்தான் கீறவே பழகினேன். ஆனால் அதில் லட்சுமியும் அம்மனும் அக்கா தங்கச்சி.

"அது யாரோ பெரிய எடத்து அம்மா. நம்ம அம்மாவ வை" என்றது அம்மாயி, என் அம்மாவின் அம்மா.

பெப்ரவரி 2, ஞாயிறு

பூசாரி மாமாவிடம் கேட்டுக் கருவறை வாசலில் நின்று நாற்பது படம் எடுத்தேன். முப்பத்தெட்டு ஆடிப்போனது. உள்ளே ஒரு குண்டு பல்பும் இரண்டு விளக்கும்தான். எல்லாமே செம்மஞ்சளாக வந்திருக்கிறது. அதைத் திருத்த வெள்ளைச் சமநிலை என்று ஒன்று உண்டு: படத்தில் எது வெள்ளையோ அதைத் தொட்டுக் காட்டினால் மற்ற நிறங்கள் தாமாக இடத்துக்கு வரும். எங்கள் கருவறையில் வெள்ளையாக எதுவுமே இல்லை. திருநீற்றைத் தொட்டேன். அம்மன் நீலமாகிப்போனாள்.

சிற்ப சாஸ்திரத்தில் தேவிக்கு மத்திம தசதாளம் என்கிற அளவு, உச்சி முதல் பாதம் வரை 120 அங்குலம் என்று கணக்கு (இந்த அங்குலம் இஞ்ச் இல்லை, சிலையின் உயரத்தில் ஒரு பங்கு). தலையைப் போல ஒன்பது, பத்து மடங்கு உயரம் வரும். படத்தின்மேல் கோடு போட்டு எங்கள் அம்மனை அளந்தேன். நாலரைத் தலைதான். பெரிய தலை, குட்டைக் கால், அகலக் கண். சாஸ்திரம் படித்த சிற்பி செதுக்கியதில்லை. கங்காணி காலத்தில் யாரோ உளி பிடிக்கத் தெரிந்த ஒருவர் செய்திருக்க வேண்டும்.

வார்ப் கருவியால் காலைக் கொஞ்சம் இழுத்து நீட்டிப் பார்த்தேன். திக்கென்றது. உடனே கன்ட்ரோல் இஸட் தட்டிப் பழையபடி ஆக்கினேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

காலையிலிருந்து வாளும் சூலமும் தனித்தனி லேயராக வெட்டியெடுத்துக்கொண்டிருந்தேன். பதினொன்றரை வாக்கில் கரண்ட் போயிற்று. லயத்தில் மட்டும் என்று நினைத்தால் நாடு முழுக்கவாம். குரங்கு ஒன்று பாய்ந்ததுதான் காரணம் என்று செய்தி. இரண்டு மணி நேர வேலை காற்றில். கிம்ப் தானாகச் சேமித்து வைக்காது என்பதை இன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அனுமாரே ஏதோ சொல்கிறார் என்று இவர் போனில் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

இதை எழுத இரண்டு நாள் ஆயிற்று.

வெள்ளி ராத்திரி அம்மன் முகத்தைச் சுத்தம் செய்து முடித்தேன். ஹீல் கருவி என்பது அதிசயம். அழுக்கைத் தொட்டால் பக்கத்து இடத்தின் தன்மையைக் கொண்டுவந்து நிறத்தோடு ஒட்டவைத்து மூடிவிடும். கன்னத்திலிருந்த எண்ணெய்ப் பிசுக்கு, மூக்கோரத்துக் கரி, நெற்றியில் காய்ந்த குங்குமத் தடம், வலது காதில் உடைந்திருந்த சில்லு, எல்லாம் போயிற்று. வெளிச்சம் கூட்டுகிற கர்வ்ஸைக் கொஞ்சம் தூக்கினேன். முகம் பளிச்சென்று வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், இதுவரை நான் செய்ததிலேயே இதுதான் அழகு. விடிந்ததும் அம்மாயியிடம் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தது. போனைத் தள்ளிப் பிடித்தும் பார்த்தது.

"இது யாரு வீட்டுப் புள்ள?"

"நம்ம அம்மன்தான் அம்மாயி."

"நம்ம அம்மாவுக்குக் காதுல சில்லு இருக்குமே."

அது அசிங்கமாயிருந்தது, எடுத்துவிட்டேன் என்றேன். அம்மாயி கோபப்படவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னது. 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் ராத்திரியோடு ராத்திரியாக லயத்தைக் காலி பண்ணிக் கொழுந்து மலைக்குள் ஓடியிருக்கிறார்கள். என் தாத்தாவும் இன்னும் இரண்டு பேரும் அம்மனைப் படங்குச் சாக்கில் சுற்றித் தூக்கிப்போயிருக்கிறார்கள். இருட்டு, மழை. தாத்தா கால் வழுக்கி வடிகானுக்குள் விழ, கல்லில் அம்மனின் காது மோதியிருக்கிறது. மூன்று ராத்திரி அம்மன் தேயிலைத் தூருக்குள்தான். அம்மாயி இடுப்பில் என் அம்மா, வாயைப் பொத்திக்கொண்டு.

"ஒந்தாத்தா சாவுற வரைக்கும் அந்தக் காதத்தான் தொட்டுக் கும்புடும். நீ என்னாத்த வச்சு அழிச்ச?"

என்னத்தைச் சொல்வது. முப்பது பிக்சல் தூரிகையால் மூன்று செக்கனில்.

இதில் இன்னொரு கூத்து. திருப்பி எடுக்கலாம் என்று பார்த்தால், தனி லேயரில் செய்யாமல் மூலப்படத்தின் மேலேயே வேலை செய்து, அதே பெயரில் ஜேபெக்காகச் சேமித்திருக்கிறேன். போனிலிருந்ததையும் இடம் போதாமல் அழித்தாயிற்று. அந்தச் சில்லு என்னிடம் எங்குமே இல்லை.

மார்ச் 13, வியாழன்

போயா (பௌர்ணமி) லீவு. பின்னிரவில் காமன் தகனம் பார்க்கப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனோம். மாசி வளர்பிறையில் காமன் கம்பம் ஊன்றினதிலிருந்து தப்புச் சத்தம் எங்கள் லயம் வரைக்கும் கேட்டுக்கொண்டேயிருந்தது. சிவன் நெற்றிக்கண் திறக்க, மதன் விழ, ரதி அழுகிறாள். ரதியாக ஆடியது ஸ்டோரில் தேயிலை அரைக்கிற அண்ணன். கன்னத்து ஜிகினா கண்ணீரில் கரைந்து இறங்கியது. நிஜக் கண்ணீர்.

வெளிச்சம் தீப்பந்தம் மட்டும்தான் என்பதால் போன் தன் உணர்திறனை உச்சத்துக்குத் தூக்கிக்கொண்டது. படமெல்லாம் புள்ளி புள்ளியாக, குரக்கன் மாவு தூவின மாதிரி. வீட்டுக்கு வந்து புள்ளி நீக்கும் வசதியைப் போட்டேன். புள்ளியோடு ஜிகினாவும் போயிற்று, கண்ணீரும் போயிற்று. ரதி பிளாஸ்டிக் பொம்மையானாள். புள்ளிகளோடேயே வைத்திருக்கிறேன்.

மார்ச் 19, புதன்

16ஆம் திகதி கிம்ப் 3.0 வெளியாகியிருக்கிறது. இப்போது ஃபில்டர்களை மூலப்படத்தைத் தொடாமல் மேலே போட்டு, வேண்டாமென்றால் பிறகு கழற்றலாம். எனக்கு ஒரு மாதம் முந்தி வந்திருக்கலாம்.

மார்ச் 23, ஞாயிறு

மறுபடி படம் எடுத்தேன். இம்முறை விடியக்காலை ஆறரைக்கு, மண்டபக் கதவு இரண்டையும் திறந்துவைத்து, பல்பை அணைத்துவிட்டு. வெளியே மூட்டம். மூட்டம் வெளிச்சத்தைச் சிதறடித்து எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே சீராக அனுப்பும். ஸ்டூடியோக்காரர்கள் வெள்ளைத் துணி கட்டிச் செய்வதை எங்கள் மலை சும்மா செய்கிறது. போனை விளக்குத் தண்டில் சாய்த்து வைத்து மூன்று செக்கன் டைமர். ஆட்டமே இல்லை. காதுச் சில்லு தெளிவாக, ஓரத்தில் மஞ்சள் அடைந்துபோய்.

தம்பி ஒரு 'டீஹேஸ்' பொத்தானைப் பற்றி ஒரு முழுக் காணொளி போட்டிருக்கிறார். மூட்டத்தை அகற்றிப் படத்தைக் கூர்மையாக்குமாம். இந்த ஊரில் மூட்டத்தை அகற்றினால் மீதி என்ன இருக்கும்?

வேப்பிலைதான் பிரச்சினை. இந்தக் குளிரில் வேம்பு வளராது. கீழ்நாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. சிலைக்குப் பக்கத்தில் வாடின கொத்து ஒன்றுதான் கிடந்தது. குளோன் கருவியால் அதையே பிரதி எடுத்துப் பெனரின் நாலு ஓரத்துக்கும் தோரணம் கட்டிவிட்டேன். அம்மன் முகத்தில் கை வைக்கவில்லை, இலையில்தானே.

மார்ச் 30, ஞாயிறு

ஸ்டோர் அண்ணன்மார் ரோதை முனிக்கும் ஒரு படம் வேண்டும் என்று வந்தார்கள். மெசினில் ஆளுக்குக் கை கால் போகாமல் காக்கிற சாமி. எப்படி இருப்பார் என்று கேட்டேன். ஒருவர் பெரிய மீசை என்றார். ஒருவர் சுருட்டு என்றார். மூத்தவர் யோசித்துவிட்டு, "சத்தமாத்தான் இருப்பாரு" என்றார். சத்தத்துக்கு எந்தத் தூரிகை என்று தெரியாமல் சும்மா இருக்கிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

ஹட்டன் டவுனில் கால் வைக்க இடமில்லை. சிவனொளிபாத மலைக்குப் போகிற சனம். பிரிண்ட் கடையில் என் பெனரைத் திரையில் திறந்தார்கள், எல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கிறது. முந்தின நாள் வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பிவிட்டேன்; அது நீளத்தை 1600 பிக்சல் அளவுக்குக் குறுக்கிவிட்டது. ஆறடி என்றால் 72 அங்குலம். அங்குலத்துக்கு 22 பிக்சல் மட்டும்தான். நல்லவேளை, பென் டிரைவில் 7200க்கு 4800 முழு அளவு கையோடு இருந்தது.

குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாக இறங்கியது. திரையில் வெளிச்சத்தால் நிறம்; அச்சில் நாலு மையால். அவ்வளவு பிரகாசமான சிவப்பு அந்த நாலு மைக்குள் இல்லையாம். மஞ்சள் மட்டும் தப்பிற்று, அது தானே ஒரு மை. கடைக்காரத் தம்பி சிங்களவர். கொஞ்சம் கூட்டிக் கொடுக்கவா என்று கேட்டார். செங்கல் நிறம், பார்க்கப் பார்க்க, பழைய குங்குமம் காய்ந்த மாதிரியே இருந்தது. விட்டுவிடச் சொன்னேன்.

காதைக் காட்டி, இது அச்சுப் பிழையா என்றும் கேட்டார். இல்லை மல்லி (சிங்களத்தில் தம்பி), அது அப்படித்தான் என்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்தரம். ஆற்றில் கரகம் பாலித்து வந்தார்கள். பெனருக்கு முன்னால் நின்று நிறையப் பேர் செல்ஃபி எடுத்தார்கள். யாரும் நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை, தலைவர் மாமாகூட. ஆனால் மத்தியானம் பார்த்தால் பெனரில் காதுக்குக் கீழே ஒரு திருநீற்று விரல் தடம். எட்டுகிற உயரத்தில்தான் கட்டியிருந்தார்கள். கால் வலியில் ஓர் அடி எழுதக்கூட முடியவில்லை.

மே 25, ஞாயிறு

மழை தொடங்கிவிட்டது. கூரைத் தகரம் அம்மாயி கட்டிலுக்கு நேர் மேலே ஒழுகுகிறது. வேறு வழியில்லை, கோயில் சாமான் அறையிலிருந்து பெனரைக் கேட்டு வாங்கி வந்தோம். எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது, தேர்தல் பெனர் முதல் பால்மா பெனர் வரை கூரையில்தான். ஆனாலும் சாமி படத்தை மழையில் போடுவதா என்று எனக்குக் கை ஓடவில்லை.

"அம்மா மொகத்த உள்ளுக்குப் பாத்து வச்சுக் கட்டுங்க" என்றது அம்மாயி. அப்படியே தகரத்துக்குக் கீழே இழுத்துக் கட்டினோம். வெள்ளைப் பக்கம் மழைக்கு, முகம் எங்களுக்கு. ஒழுக்கு நின்றுவிட்டது. அம்மாயி படுத்துக்கொண்டே காதைப் பார்த்துக் கும்பிட்டுத் தூங்கிப்போனது.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. மல்லாந்து படுத்தால் அந்த வேப்பிலைத் தோரணம்தான் கண்ணில் படுகிறது. ஒரே கொத்து, ஒரே மடிந்த இலை, அதே பூச்சி அரித்த ஓட்டை. எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது தடவை.