அம்மாவின் கையும் செம்பியின் நகமும்

அம்மாவின் முன்கையில் விழுந்த அந்தக் கீறல் ஓர் அங்குல நீளம்கூட இருக்காது. மடியில் உறங்கிக்கொண்டிருந்த எங்கள் பூனை செம்பி, தெருவில் யாரோ வெடித்த சரவெடிச் சத்தத்தில் திடுக்கிட்டு, பிடிமானத்துக்காக அவர் கையைப் பற்றிக்கொண்டதில் ஏற்பட்டது அது. இதயச் சிகிச்சைக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையை அன்றாடம் எடுத்துக்கொள்பவர் என்பதால், மற்றவர்களுக்கு ஓரிரு நிமிடங்களில் நின்றுவிடக்கூடிய ரத்தம், அவருக்கு இருபது நிமிடம் பஞ்சை அழுத்திப் பிடித்த பிறகே நின்றது. வெங்காயச் சருகைப்போல மெலிந்துவிட்ட தோல் அவருடையது.

மறுநாள் வந்த மாமா, "அக்கா, இதை மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டுடலாம்" என்றார். "எட்டு வருஷமா வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பிள்ளை, அங்கே போய் எப்படிடா பிழைக்கும்?" என்று அம்மா ஒரே வரியில் அந்தப் பேச்சை முடித்துவிட்டார். அன்றிரவுதான், கடைக்காரர்கள் 'நெயில் கேப்' என்று சொல்லும் நக உறைகளைப் பற்றி நான் தேடத் தொடங்கினேன்.

நக உறை என்பது பூனையின் நகத்தின் வடிவிலேயே வார்க்கப்பட்ட, மெல்லிய வினைல் கூடு. அதனுள் சயனோஅக்ரிலேட் வகைப் பசையைச் சிறிதளவு இட்டு, முனை வெட்டிய நகத்தின்மீது செருகிவிடுவார்கள். பூனைக்கு முன்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து, பின்கால் ஒவ்வொன்றிலும் நான்கு என மொத்தம் 18 நகங்கள் உண்டு. பெரும்பாலும் முன்கால்களின் பத்து நகங்களுக்கு மட்டுமே உறை போடுகிறார்கள். நகம் வளர்ந்து, அதன் மேலேடு உரியும்போது உறையும் கூடவே கழன்றுவிடும் என்பதால், நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

முதல் முறை நான் தவறு செய்தேன். செம்பி பெரிய உடம்புக்காரி என்பதால் பெரிய அளவையே வாங்கி, நகத்தைச் சரியாக வெட்டாமலேயே மாட்டிவிட்டேன். இரண்டாம் நாள் அவள் நடையில் ஒரு தயக்கம் தெரிந்தது. உட்கார்ந்திருக்கும்போதும் நகங்கள் வெளியே நீட்டியபடியே இருந்தன. பூனை ஓய்வாக இருக்கையில், நகத்தைத் தாங்கும் கடைசி விரலெலும்பை மீள்தன்மை கொண்ட ஒரு தசைநார் மேல்நோக்கி இழுத்து, நகத்தை உள்ளே வைத்திருக்கும். பற்றவோ பிறாண்டவோ வேண்டும்போது மட்டுமே வேறொரு தசை அதை வெளியே தள்ளும். உறை நீளமாக இருந்தால் நகம் தன் இடத்துக்குத் திரும்ப முடியாது. அவள் சொல்லத் தெரியாமல் பட்ட அந்த இரண்டு நாள் வேதனையை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

கால்நடை மருத்துவர் அந்த உறைகளின் முனையை நகவெட்டியால் நறுக்கி, உள்ளிருந்த பிடியைத் தளர்த்தி, ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிடித்து இழுத்திருந்தால் நகத்தின் மேலேடும் கூடவே பெயர்ந்திருக்கும். பிறகு எனக்கு முறையாகக் கற்றுக்கொடுத்தார். விரலை மேலும் கீழுமாக மென்மையாக அழுத்தினால் நகம் வெளியே வரும். வெளிச்சத்தில் பார்த்தால் அதன் அடிப்பாகத்தில் இளஞ்சிவப்பாக ஒரு பகுதி தெரியும். ரத்தநாளமும் நரம்பும் ஓடுகிற அந்தப் பகுதியைத் தொடாமல், ஊசிமுனையை மட்டும் வெட்ட வேண்டும். உறையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் பசை நிரப்பினால், அது வழிந்து மயிரிலும் தோலிலும் ஒட்டிக்கொள்ளும். போட்ட பிறகு ஐந்து நிமிடமாவது மடியில் வைத்துத் தடவிக்கொடுத்து, அவள் கடித்துப் பிடுங்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

தரையில் படாததால் தேயாமல் வளைந்துகொண்டே போகும் கட்டைவிரல் நகத்தைத்தான் அவர் தனியாகச் சுட்டிக்காட்டினார். உறைக்குள் அது வளர்வது கண்ணுக்குத் தெரியாமல் போனால், விரலடி மெத்தையையே குத்தித் துளைத்துவிடும்; ஈரம் தங்கினால் நகத்தைச் சுற்றிப் புண்ணும் வைக்கும். ஆகவே நாள்தோறும் பத்து விரல்களையும் பார்க்க நேரமில்லாதவர்கள் இதை வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. வெளியே திரிந்து வரும் பூனைக்கும் கூடாது. நாய் துரத்தினால் மரமேறித் தப்பிக்க நகத்தைத் தவிர அதற்கு வேறு துணை ஏது? ஆறு மாதம் நிறையாத குட்டிக்கும் அவசரப்படக் கூடாது.

சோபா கிழிகிறது என்பதற்காக மட்டும் உறை தேடுகிறவர்கள், முதலில் பிறாண்டுவதற்கு ஓர் இடத்தை அமைத்துக்கொடுத்துப் பார்க்க வேண்டும். பிறாண்டுவது சேட்டையன்று, பழைய மேலேட்டை உரிப்பதும், முதுகை நீட்டி முறிப்பதும், பாதத்தின் சுரப்பிகளால் தன் வாடையைப் பதிப்பதும் அதில் அடங்கும். நாங்கள் இரண்டரை அடி உயரக் கட்டை ஒன்றில் சணல் கயிற்றை இறுகச் சுற்றி, அசையாதபடி பலகையில் அறைந்து, அவள் தூங்கி எழும் சன்னலோரத்தில் வைத்தோம். உறை போட்ட பிறகும் அவள் அங்கேதான் போய் நிற்கிறாள்.

நகத்தை அறவே எடுத்துவிடும் அறுவைச் சிகிச்சையைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். அது நகத்தை மட்டும் எடுப்பதன்று. ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் துண்டிப்பது, நம் விரல்களை நுனிக் கணுவோடு வெட்டுவதற்குச் சமமானது. மருத்துவக் காரணமின்றி அதைச் செய்வதற்கு நியூயார்க் மாநிலம் 2019-இலும், மேரிலாந்து 2022-இலும் தடை விதித்தன. பிரிட்டனிலும் அதற்கு அனுமதியில்லை. இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதைக்கூட அம்மாவின் காதில் நான் போடவில்லை.

இப்போது மடியில் நான்காக மடித்த துண்டை விரித்த பிறகே அம்மா அவளை அழைக்கிறார். விரல்களைப் பார்க்கும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். நேற்று மாலை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்துவிட்டு, "வலது கட்டைவிரல் உறை ஆடுதுடா, வெளிச்சம் இருக்கும்போதே வெட்டி எடுத்துடு" என்றார். நான் நகவெட்டியை எடுத்து வரும்வரை செம்பியின் பாதம் அவர் உள்ளங்கையிலேயே இருந்தது.