எத்தனை படி?

பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டுச் செயலாளர் மூன்று தரம் தொலைபேசி எடுத்துவிட்டார். “அண்ணை, பள்ளிக்கூட நினைவு ஏதாவது எழுதுங்கோ. இரண்டு பக்கம் காணும்” என்றார். சரி என்று சொல்லிவிட்டு இருந்து பார்த்தால், கிரிக்கெட் மாட்ச், விடுதிச் சாப்பாடு, பிரம்படி எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். அதுவும் என்னைவிட நன்றாக. இந்த வருடம் எனக்குப் பள்ளிக்கூடத்தைக் கொண்டுவந்து கண்முன் நிறுத்தியவன் ஒரு சீனப் பொடியன். அவன் எங்கள் ஊர்ப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன். ஆகவே கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கோடைக்குக் கலிபோர்னியாவில் மகள் வீட்டில் ஆறு கிழமை நின்றேன். பேத்திக்கு ஒன்பது வயது. படுக்கப் போகுமுன் இருபது நிமிடம் சத்தமாக வாசிக்க வேண்டும் என்பது அவள் தாய் போட்ட சட்டம். இருந்து கேட்கிற வேலை எனக்கு. முதல் இரண்டு நாளும் ஏதோ பூனைக் கதை. நான் பாதியில் நித்திரையாகிவிட்டேன். மூன்றாம் நாள் நூலகத்திலிருந்து ஒரு மெல்லிய புத்தகம் வந்தது. லோரன்ஸ் யெப் என்பவர் தன் பெறாமகளோடு சேர்ந்து எழுதி 2008இல் வெளிவந்த ‘த டிராகன்ஸ் சைல்ட்’. யெப் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த சீன அமெரிக்கர். தன் தகப்பன் பத்து வயதில் சீனக் கிராமத்தை விட்டு வந்த கதையை, தகப்பனோடு கதைத்தவற்றையும் குடிவரவுத் திணைக்களத்தின் பழைய கோவைகளையும் வைத்து, சிறுவர்களுக்கான கதையாக எழுதியிருக்கிறார்.

1922ஆம் ஆண்டு. பொடியனின் பெயர் கிம் லூ. தகப்பன் சான் பிரான்சிஸ்கோவில் வேலை செய்து ஊருக்குக் காசு அனுப்புகிற மனிதர். வீட்டில் பெயர் உண்டு, ஆள் இல்லை. அமெரிக்காவை அந்த ஊரில் தங்கமலை என்பார்கள். ஒருநாள் அந்தத் தங்கமலைக்காரர் வந்து மகனைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன் என்கிறார். பொடியனுக்குத் தகப்பனே அந்நியன். அதோடு இரண்டு குறை வேறு: இடக்கை, திக்குவாய். கப்பலால் இறங்கியதும், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருக்கும் ஏஞ்சல் தீவில் குடிவரவு அதிகாரிகள் குறுக்கு விசாரணை செய்வார்கள். அதில் வாய் தட்டினால் என்ன ஆகும் என்பதுதான் அவனுடைய பயம்.

“அம்மப்பா, இவருக்குக் கதைக்கேக்க சொல்லு வராதாம்” என்றாள் பேத்தி. எனக்கு நித்திரை முறிந்தது அங்கேதான்.

ஆறாம் வகுப்பில் அந்த இரண்டு குறையையும் ஒரே வாங்கில் இரண்டு பேர் பங்குபோட்டு வைத்திருந்தோம். கொன்னை அவனுக்கு, இடக்கை எனக்கு. நான் அவனுக்கு வலப்பக்கம் இருந்தபடியால் என் இடது முழங்கையும் அவனது வலது முழங்கையும் நாள் முழுக்க மோதிக்கொண்டிருக்கும். இரண்டு கொப்பியிலும் மை கொட்டுண்டு கிடக்கும். கணக்கு மாஸ்டர் அடிமட்டத்தைக் குத்தென நிறுத்தி என் இடக்கை மொளியில் போடுவார். ஒரு தவணைக்குள் வலக்கைக்கு மாறிவிட்டேன். எழுத்து மட்டும்தான் மாறியது. கல் எறிவது, மாங்காய் வெட்டுவது எல்லாம் இன்றைக்கும் இடக்கைதான்.

அவன் பாடு அடிமட்டத்தால் தீருகிற விஷயமில்லை. தமிழ் வாத்தியார் எல்லோரையும் ஒவ்வொருவராக எழுப்பிக் குறள் ஒப்புவிக்கச் சொல்லுவார். அவனுக்கு வந்து வாய்த்தது ‘கற்க கசடற’. அந்தக் குறளே திக்கிக்கொண்டுதானே தொடங்குகிறது! அவன் முதல் எழுத்திலேயே நின்றான். க... க... க... பின்வாங்கில் ஒருவன் “சேர், அவன் சரியாத்தான் சொல்லுறான்” என்றான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். வாத்தியார் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துவிட்டு, “தேவாரம் பாடுற மாதிரிப் பாடிச் சொல்லடா” என்றார். அவன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். ஓர் இடத்திலும் தட்டவில்லை. அதன் பிறகு எங்கள் வகுப்பில் அவன் ஒருவன் மட்டும் எல்லாச் செய்யுளையும் பாடித்தான் ஒப்புவிப்பான். ஒருமுறை நன்னூல் சூத்திரத்தையும் பாடினான். அதைப் பாட்டாகக் கேட்டவர்கள் உலகத்தில் நாங்கள் நாற்பது பேராகத்தான் இருக்கும்.

கிம் லூவுக்கும் பாடமாக்குகிற வேலைதான். எதை என்று நினைக்கிறீர்கள்? தன் சொந்த வீட்டை. வாசலில் எத்தனை படி, வாசல் எந்தத் திசை பார்க்கிறது, ஊரில் எத்தனை வரிசை வீடு, இரண்டாம் வரிசையில் மூன்றாவது வீட்டில் யார் இருக்கிறார்கள், கிணறு எங்கே, அரிசிப் பானை எங்கே, வீட்டில் மணிக்கூடு உண்டா. ஏஞ்சல் தீவில் சீனர்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இந்த வகைதான். தகப்பனைத் தனியே, மகனைத் தனியே வைத்துக் கேட்டு இரண்டு பதிலையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் திரும்பக் கப்பல்.

நீங்களே சொல்லுங்கள், பிறந்து வளர்ந்த வீட்டின் படியை யார் எண்ணி வைத்திருக்கிறார்கள்?

இப்படிக் குடைந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. 1882இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரக்கூடாது என்று சட்டம் போட்டது. வணிகர், மாணவர், ஆசிரியர் போன்ற சிலருக்கும், அமெரிக்கக் குடிமகனின் பிள்ளைக்கும் மட்டும் வழி இருந்தது. 1906இல் சான் பிரான்சிஸ்கோவில் பூகம்பம் வந்து நகரமே எரிந்தபோது பிறப்புப் பதிவேடுகளும் சாம்பலாகின. அதற்குப் பிறகு “நான் இங்கேதான் பிறந்தேன்” என்று ஒரு சீனர் சொன்னால் இல்லை என்று காட்ட அரசாங்கத்திடம் கடதாசி இல்லை. அப்படிக் குடிமகனானவர், ஊருக்குப் போய் வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு மகன் பிறந்ததாகப் பதிந்து வைப்பார். பிறகு அந்த இடத்தை உறவுக்காரனுக்கோ காசு கொடுப்பவனுக்கோ கொடுத்துவிடலாம். இப்படி வந்தவர்களைக் கடதாசி மகன்கள் என்பார்கள். இல்லாத தகப்பனின் வீட்டுப் படியையும் கிணற்றையும் குறிப்புக் கொப்பியில் எழுதிக் கொடுப்பார்கள். கப்பலிலேயே பாடமாக்கி, கரை சேருமுன் கடலில் எறிந்துவிட வேண்டும். தீவுக்குள் அடைபட்ட பிறகும் சமையல்கட்டில் வேலை செய்த சீனர்கள் மூலம் குறிப்புகள் உள்ளே போயிருக்கின்றன. கச்சான் கோதுக்குள் வைத்தும் அனுப்பியிருக்கிறார்கள்.

கிம் லூ கடதாசி மகன் இல்லை, சொந்த மகன். ஆனாலும் அதே சோதனை. இதுதான் எனக்குப் பிடித்த இடம். பொய் சொல்லுகிறவன் பாடமாக்குவது விளங்குகிறது. உண்மை சொல்லுகிறவனும் பாடமாக்கத்தான் வேண்டியிருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு 1882ஆம் ஆண்டுச் சட்டத்தை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சொந்த வீட்டுப் படியைப் பிழையாக எண்ணினால் அப்பாவிடமிருந்து பிரித்துவிடுவார்கள் என்றால் அதற்கு விளங்கும்.

புத்தகம் முடிந்த கையோடு பேத்தி யெப்பின் இன்னொரு கதையை எடுத்துவந்தாள். ‘டிராகன்விங்ஸ்’, 1975இல் வந்தது, பேர் பெற்ற நாவல். 1903இல் எட்டு வயதுப் பிள்ளை, முன்பின் கண்டிராத தகப்பனிடம் வருகிறது. தாய் ஊரிலேயே நின்றுவிடுகிறாள். தகப்பனுக்கு ஆகாய விமானம் கட்டுகிற பைத்தியம். 1909இல் ஓக்லண்டில் தானே செய்த விமானத்தில் பறந்த ஒரு சீனரை வைத்து உருவாக்கியது. பூகம்பமும் உள்ளே வருகிறது. நல்ல கதைதான். ஆனாலும் எனக்கு அந்தத் திக்குவாய்ப் பொடியன்தான். விமானம் நான் கட்டியதில்லை.

ஒரு சனிக்கிழமை மருமகன் எங்களை ஏஞ்சல் தீவுக்குக் கூட்டிப்போனார். டிபுரோனிலிருந்து படகு. இறங்கிய இடத்தில் மரப்படி, நூற்றுக்கும் மேலே இருக்கும். பேத்தி எண்ணிக்கொண்டே ஓடினாள், நான் மூச்சை எண்ணிக்கொண்டு ஏறினேன். 1910 தொடங்கி 1940 வரை ஆட்களை அடைத்து வைத்த மரக் கட்டடம் மறுபக்கத்தில் நிற்கிறது. படுக்கைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டித் தொங்குகின்றன. திரும்பிப் படுக்கவும் இடம் காணாது. சிலர் இங்கே கிழமைக் கணக்கில் கிடந்தார்கள், சிலர் மாதக் கணக்கில். சுவர்ப் பலகையில் சீன எழுத்தில் கவிதைகள் செதுக்கியிருக்கிறார்கள். மேலே மேலே பெயின்ட் பூசியும் அழியவில்லை. கட்டடத்தை இடிக்க இருந்த நேரம், 1970இல், பூங்காக் காவலர் ஒருவர் டோர்ச் வெளிச்சத்தில் அவற்றைக் கண்டுபிடித்தாராம். நான் ஒரு வரியைக் கிட்டப்போய்ப் பார்த்தேன். செதுக்கிய பள்ளத்துக்குள் பழைய பெயின்ட் உறைந்து கிடந்தது. எங்கள் வகுப்பு மேசைகளில் கவராயத்தால் கிண்டிய பெயர்களும் வார்னிஷ் பூசிய பிறகு இப்படித்தான் இருக்கும். தொடப்போனேன். பேத்தி என் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

அந்த இடத்தில் நின்று மருமகனுக்கு ஒரு கதை சொன்னேன். மகளுக்கே அது அரைகுறையாகத்தான் தெரியும். 1986இல் நான் வெளிக்கிட்டது என் பெயரில் இல்லை. ஏஜென்சிக்காரர் தலைமாற்றின, அதாவது வேறொருவருடையதில் என் படத்தை ஒட்டின, பாஸ்போட்டோடு ஒரு தாளும் தந்தார். என் புதிய பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், படித்த பள்ளிக்கூடம். நம்ப மாட்டீர்கள், எனக்கு அதிகம் உறுத்தியது பள்ளிக்கூடம்தான். பிக் மாட்சில் நாங்கள் கூவென்று கத்தி விரட்டுகிற பள்ளிக்கூடம் அது! லொட்ஜ் அறையில் ஒன்பது நாள் இருந்து பாடமாக்கினேன். அந்த ஆளின் கையெழுத்தையும் வலக்கையால் நூறு தரம் போட்டுப் பழகினேன். விமான நிலையத்தில் ஒரு கேள்வியும் இல்லை, ஒரு படிவத்தைத் தள்ளிக் கையெழுத்து வை என்றார்கள். பதற்றத்தில் பேனையை இடக்கையால் எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து மொளியில் சுரீரென்றது. கணக்கு மாஸ்டர் பக்கத்தில் நின்றமாதிரி. மெல்லக் கை மாற்றி எழுதினேன்.

எங்கள் கதையும் அவர்கள் கதையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. நான் கனடாவில் இறங்கியதும் சொந்தப் பெயரைச் சொல்லி அகதியாகப் பதிந்துகொண்டேன். கடதாசி மகன்களுக்கு அந்த வழி இல்லை. 1943இல் சட்டத்தை நீக்கியபோதும் சீனர்களுக்கென்று ஆண்டுக்கு 105 இடம்தான் ஒதுக்கினார்கள். 1956இல்தான், உண்மையைச் சொல்லிப் பெயரைத் திருத்துங்கள் என்று அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பயத்தில் பலர் வாயே திறக்கவில்லை. சிலருடைய கல்லறையில் ஆங்கிலத்தில் ஒரு பெயர், சீனத்தில் இன்னொரு பெயர். இங்கே கனடாவில், ஸ்காபுரோவில், கடதாசியில் ஒன்றும் உண்மையில் ஒன்றுமாக வருடத்துக்கு இரண்டு பிறந்தநாள் கொண்டாடுகிற நம்மவர்களை நாம் பகிடி பண்ணுகிறோம். கல்லறை வரைக்கும் போனதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பேத்திக்கு ஒரு விளையாட்டுப் பிடித்துக்கொண்டது. அவள் அதிகாரி, நான் சீனன். சாப்பாட்டு மேசையில் எதிரே இருந்துகொண்டு கேள்வி. என் வீட்டைப் பற்றிக் கேட்டாள். அந்த வீடு இப்போது இல்லை, வேண்டாம் என்றேன். சரி, ஸ்கூல் என்றாள்.

வாசல் எந்தப் பக்கம்? கிழக்கு. மணி? தண்டவாளத் துண்டு, வேப்பமரத்தில் தொங்கும். கிணறு? ஆய்வுகூடத்துக்குப் பின்னால். ஹோலுக்கு ஏற எத்தனை படி?

“ஐந்து” என்றேன், யோசிக்காமல்.

“சரியெண்டு ஆர் சொல்லுறது? மற்றவரிட்டயும் கேக்கவேணும்” என்றாள். அதிகாரி அல்லவா.

மற்றவர் மெல்பேர்னில் இருக்கிறார். கோயிலில் இன்றைக்கும் பஞ்சபுராணம் பாடுகிறவர். பாடும்போது ஒரு தடங்கலும் இல்லை. தொலைபேசியில் அப்படியில்லை. ஸ்பீக்கரில் போட்டு, “மச்சான், எங்கட ஹோலுக்கு எத்தனை படி?” என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. எண்ணுகிறானா, சொல் வரவில்லையா என்று தெரியவில்லை. பேத்தி பென்சிலோடு காத்திருந்தாள்.

“ஆ... ஆ... ஆறு” என்றான்.

அவள் இரண்டு பேருடைய பெயருக்கும் நேரே பெரிதாகப் புள்ளடி போட்டாள். அடுத்த கப்பலில் நான் ஊருக்கு, அவன் ஊருக்கு.

இன்னும் ஐந்து என்றுதான் நினைக்கிறேன். அவன் கீழே இருக்கும் சீமெந்துக் கட்டையும் சேர்த்து எண்ணுகிறான். அது படி இல்லை, தண்ணீர் உள்ளே வராமல் கட்டியது. இந்த மலரை வாசிக்கிற யாராவது வருகிற விடுமுறைக்கு ஊருக்குப் போனால், தயவுசெய்து எண்ணிப் பார்த்துச் செயலாளருக்கு எழுதிவிடுங்கள். கட்டையைச் சேர்க்க வேண்டாம்.