டிசம்பர் லோடு நோட்டு

டிசம்பர் 8
மழைத் தண்ணி இன்னும் வடியவில்லை, ரோட்டில் ஓட்டம் இல்லை. குத்துச்சண்டை ஹாலிலேயே ஸ்கிப்பிங் 6 ரவுண்டு, பேக் 6 ரவுண்டு. 3 நிமிஷம் வேலை, 1 நிமிஷம் ஓய்வு. பிறகு ஷேடோ, தரைப் பயிற்சி. முடிந்து அரை மணி கழித்துத்தான் "எவ்வளவு கஷ்டம், 0-லிருந்து 10-க்குள் சொல்லு" என்று கேட்க வேண்டும். மூச்சு வாங்கும்போதே கேட்டால் கடைசி ரவுண்டுக்கு மட்டும் மார்க் போடுவார்கள். சொன்ன எண்ணை மொத்த நிமிஷத்தால் பெருக்கினால் அன்றைய லோடு. 90 நிமிஷம், 7 என்றால் 630. எல்லோரும் 6, 7. நாற்பத்தெட்டு கிலோ எடைப் பிரிவுப் பையன் மட்டும் 9.

டிசம்பர் 9
நாற்பத்தெட்டு கிலோ மறுபடி 9. அதே வேலை, அதே நேரம்.

டிசம்பர் 10
மனநிலைத் தாள் கொடுத்த நாள். 24 சொல், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. பதற்றம், மனச்சோர்வு, கோபம், தெம்பு, அலுப்பு, குழப்பம் என்று ஆறு பிரிவு. பிரிவுக்கு அதிகபட்சம் 16. நன்றாக இருக்கும் ஆளுக்குத் தெம்பு மட்டும் மேலே நிற்கும், மற்ற ஐந்தும் கீழே கிடக்கும். விளையாட்டு உளவியலாளர் வில்லியம் மார்கன் இதைத்தான் பனிப்பாறை வடிவம் என்றார். லோடு தாங்காதபோது தெம்பு இறங்கி அலுப்பு ஏறும், படம் தலைகீழாகும். பல நேரம் ஸ்டாப்வாட்ச்சில் தெரிவதற்கு முன்பே இது தாளில் வந்துவிடும்.

டீம் லிஸ்ட் போடும் வாரத்தில் கொடுத்தால் எல்லாம் பொய். தனியாக உட்கார்ந்து எழுதட்டும். மாஸ்டர் எட்டிப் பார்க்கக் கூடாது.

டிசம்பர் 12
விளையாட்டு விஞ்ஞானி கார்ல் ஃபாஸ்டரின் கணக்கு. போன வார லோடு: 630, 540, 630, 540, 630, 540, ஞாயிறு 360. மொத்தம் 3870. தினசரிச் சராசரியைத் திட்ட விலக்கத்தால் வகுத்தால் (பத்தாம் வகுப்புக் கணக்குதான்) 6.2 வருகிறது. நாட்கள் எவ்வளவு ஒரே மாதிரி இருந்தன என்று காட்டும் எண் இது. 2-ஐத் தாண்டினாலே உஷார். இன்னொரு திட்டம்: 960, 120, 800, 180, 960, 450, ஞாயிறு 0. மொத்தம் 3470, பெரிதாகக் குறையவில்லை. ஆனால் வகுத்தால் 1.3. இந்த எண்ணை மொத்தத்தோடு பெருக்கினால் கிடைப்பது அழுத்தம்: முதல் திட்டத்தில் சுமார் 24,000, இரண்டாவதில் 4,500.

அப்படியானால் ஆளை முடிப்பது கஷ்டமான நாள் இல்லை. லேசான நாளே இல்லாததுதான். பழைய வாத்தியாரிடம் காட்டினால் "அடிச்சாத்தான்பா ஏறும்" என்கிறார். அடிக்கட்டும், 960 போடட்டும். மறுநாள் அதில் பாதிக்கும் கீழே இறங்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

டிசம்பர் 13
அரையாண்டுத் தேர்வு. தூக்கம்: 5, 5, 6, 4, 7 மணி. இந்த வயதுக்கு 8-லிருந்து 10 வேண்டும்.

டிசம்பர் 15
நாற்பத்தெட்டு கிலோ விடியற்காலை 3 மணிக்குக் காசிமேட்டில் சித்தப்பாவோடு ஐஸ் பெட்டி தூக்குகிறான். 2 மணி நேரம், கஷ்டம் 5. அதாவது 600. இது நோட்டிலேயே இல்லை. ஹாலுக்கு வரும் முன்பே ஒரு பயிற்சி முடிந்துவிடுகிறது, அதுவும் வெறும் டீயில். அவன் அம்மா: "போகாதேன்னு நான் எப்படி மாஸ்டர் சொல்றது? சீசன் நேரம்." சரி, துறைமுக நாளில் ஹாலில் 30 நிமிஷம், டெக்னிக் மட்டும். வந்ததும் இரண்டு முட்டை, வாழைப்பழம்.

டிசம்பர் 16
நாடித்துடிப்பு: பாயை விட்டு எழுமுன், 60 விநாடி முழுசாக. ஒரு நாள் 8 கூடினால் ஒன்றும் சொல்ல முடியாது. கொசு, தேர்வுப் பயம், எதுவாகவும் இருக்கலாம். ஏழு நாள் சராசரியைப் பார். சிலருக்குக் கூடாமல் குறையவும் செய்யும். கூடவே காய்ச்சல் இருந்தால் டாக்டர், ரத்தப் பரிசோதனை. டெங்கு சீசன்.

டிசம்பர் 18
கோபம். பிளாஸ்டிக் ஷீட் சுற்றிக்கொண்டு ஒருவன் ஸ்கிப்பிங் ஆடுகிறான். எடை குறைக்கிறானாம்! குறைவது தண்ணி. இன்று அவன் தாளில் கோபம் 11. அது தாகம், லோடு இல்லை. ஓவர்டிரெய்னிங் (லோடு மிஞ்சி உடம்பு தேறாமல் போவது) என்று பேர் வைக்குமுன் சாப்பாடு, தண்ணி, ரத்தசோகை, தைராய்டு, தொற்று எல்லாவற்றையும் விலக்க வேண்டும். பெண்களில் மாதவிடாய் மூன்று மாதம் நின்றால் டாக்டர்தான். பெரும்பாலும் தீனி போதாத கணக்கு. ஓவர்டிரெய்னிங்கைக் காட்டிக்கொடுக்கும் ஒற்றைப் பரிசோதனை எதுவும் கிடையாது. சில நாள், ஒன்றிரண்டு வார ஓய்வில் தெளிந்தால் சாதாரண அசதி. மாதக் கணக்கில் தெளியவில்லை என்றால்தான் அந்தப் பேர்.

டிசம்பர் 19
நாற்பத்தெட்டு கிலோ தெம்பு 5.

டிசம்பர் 22
நாற்பத்தெட்டு கிலோ தெம்பு 9, கஷ்டம் 6, தூக்கம் 7 மணி. துறைமுகம் இரண்டு நாள் இல்லை, கடலுக்குப் போகவில்லையாம். எதனால் தேறினான் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஐம்பத்து நாலு கிலோ பெண், எப்போதும் முதல் ஆளாக வருபவள், 24 சொல்லுக்கும் 0 போட்டிருக்கிறாள். சுறுசுறுப்புக்கும் 0. படிக்காமல் போட்டாளா, உண்மையா? நாளைக்கு ஸ்பாரிங் லிஸ்டில் அவள் பேர் இல்லை. முதலில் பேச வேண்டும்.